முன்பக்கத்து வாக்குறுதியும் பின்பக்கத்துப் பெருங்காயமும்

2023 ஆம் ஆண்டுக் கோடையில் ரொறன்ரோவில் அக்கா வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் ஸ்காபரோவிலுள்ள ஒரு தமிழ்க் கடையில் இரண்டு பக்கற் முறுக்கு வாங்கினேன். அக்காவின் பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. பிள்ளைக்குக் கோதுமை ஆகாது என்று புறப்படுமுன்னரே தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். ஆகையால் கடையில் தேடித்தான் எடுத்தேன். பக்கற்றின் முகப்பில் வட்ட வடிவான பச்சை ஒட்டுத்தாளில் 'குளூட்டன் அற்றது' என்று ஆங்கிலத்தில் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒட்டுத்தாள் இல்லாத முறுக்கும் இருந்தது, விலையும் குறைவு. கூடுதல் விலை கொடுத்து இதை வாங்கி வந்ததில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

பிள்ளை பக்கற்றை வாங்கினாள், ஆனால் பிரிக்கவில்லை. தாயிடம் நீட்டினாள். என் மருமகள் முகப்பைப் பார்க்கவேயில்லை. வாங்கிய கையோடு மறுபுறம் திருப்பினாள்.

"பின்பக்கம் வாசிச்சனீங்களே, மாமா?"

வாசிக்கவில்லை. முப்பதாண்டுகளுக்கு மேலாக அச்செழுத்தை நம்பிச் சீவிப்பவன் நான். பல்கலைக்கழகத்திலிருந்து கலைப்பட்டத்தோடு வெளியேறிக் கொழும்பில் ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் நான் பார்த்த முதல் உத்தியோகமே ஒப்புநோக்காளர் வேலைதான். பிறர் கண்ணில் படாத சிறு எழுத்தைப் படிப்பதற்காகவே எனக்குச் சம்பளம் தரப்பட்டது. அப்படிப்பட்டவன் ஒரு முறுக்குப் பக்கற்றின் தலைப்பை மட்டும் படித்து ஏமாந்திருக்கிறேன்.

பின்பக்கத்தில் இருந்தவை இவ்வளவுதான்: அரிசி மா, உளுத்தம் மா, தாவர எண்ணெய், எள்ளு, ஓமம், உப்பு, பெருங்காயம். மருமகள் கடைசிச் சொல்லில் விரலை வைத்தாள். பிறகு குசினிக்குள் போய், தாங்கள் முன்னர் பாவித்துக் கைவிட்ட பெருங்காயத் தகரம் ஒன்றை எடுத்து வந்தாள். சாட்சிப் பொருளாக அதை எறியாமல் வைத்திருந்தாளாம். அதன் அடிப்புறத்தில், பூதக்கண்ணாடி இல்லாமல் என் வயதுக் கண்களுக்கு எட்டாத எழுத்தில், அரபுப் பிசின், கோதுமை மா, பெருங்காயம் என்று அந்த வரிசையிலேயே எழுதியிருந்தது.

இங்கே சிறிது விளக்கம் வேண்டும். பெருங்காயம் என்பது ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கங்களில் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். அதன் வீச்சமும் காரமும் தாங்கமுடியாதவை. அதனால் கடையில் நாம் வாங்கும் தூள் அநேகமாகக் கூட்டுப் பெருங்காயமே. சிறிதளவு பிசினோடு அரபுப் பிசினும் ஏதேனும் ஒரு தானிய மாவும் சேர்த்து அதைத் தயாரிக்கிறார்கள். சில உற்பத்தியாளர்கள் அரிசி மாவைச் சேர்க்கிறார்கள். வேறு பலர் கோதுமை மாவை. இரண்டுக்கும் ஒரே மணம், ஒரே நிறம். அரிசியையும் பருப்பையும் கொண்டு ஆக்கிய தமிழ்ச் சமையலில் கோதுமைக்கு இடமில்லை என்று எண்ணியிருப்பவர்கள், ரசத்திலும் சாம்பாரிலும் ஒவ்வொரு நாளும் ஒரு சிட்டிகை கோதுமையைப் போட்டு வந்திருக்கிறார்கள்.

அந்த வீட்டில் நடந்ததும் அதுதான். பிள்ளைக்குச் சீலியாக் நோய் என்று கண்டறியப்பட்டதும் பாணை நிறுத்தினார்கள், பிஸ்கற்றை நிறுத்தினார்கள், புதிதாகப் பாண் வாட்டும் கருவி வாங்கினார்கள், மரக்கரண்டிகளைக்கூட மாற்றினார்கள். எட்டு மாதங்களின் பின்னர் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புடல்களின் அளவு எதிர்பார்த்தவாறு இறங்கவில்லை. பிள்ளையின் நிறையும் கூடவில்லை. பள்ளிக்கூடத்தில் களவாக எதையும் தின்கிறாளோ என்று பெரியவர்கள் பிள்ளையையே சந்தேகித்தார்கள். அவள் அழுதிருக்கிறாள். கடைசியில் உணவியலாளர் ஒருவர், வீட்டிலுள்ள ஒவ்வொரு போத்தலையும் தகரத்தையும் பக்கற்றையும் பின்பக்கம் தெரியப் படமெடுத்து அனுப்பச் சொன்னபோதுதான் பெருங்காயம் அகப்பட்டது. அதன்பின் முறுக்குப் பக்கற்றும் நினைவுக்கு வந்தது. நான் வாங்கிப்போன அதே முறுக்கு. அந்தப் பச்சை ஒட்டுத்தாளை நம்பி எட்டு மாதங்களும் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பத்திரிகைக்காரனுக்குரிய கெட்ட பழக்கத்தால் பக்கற்றிலிருந்த தொலைபேசி இலக்கத்தை அழைத்தேன். எடுத்தவர் உரிமையாளரே. எங்கள் பக்கத்து மனிதர். நல்ல மரியாதையாகப் பேசினார்.

"கோதுமை மா எங்கடை குசினிக்குள்ளையே வாறேல்லை ஐயா. சத்தியமாச் சொல்லுறன்."

"பெருங்காயம் போடுறனீங்கள் அல்லவா? அதிலை என்ன கிடக்கெண்டு பாத்தனீங்களோ?"

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "அது பெருங்காயம்தானே, ஐயா."

அவர் பொய் சொல்லவில்லை. இந்த விவகாரத்தில் என்னை எழுதத் தூண்டியது அதுதான். பொய்யர்களைப் பற்றி எழுதுவது சுலபம். அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் சாதாரண பாணைக் குளூட்டன் அற்ற பாண் என்று விற்ற வியாபாரி ஒருவர் 2011 இல் குற்றவாளியாகக் காணப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். விதிக்கப்பட்ட தண்டனை பதினொரு ஆண்டுகள் வரை. அந்தப் பாணைத் தின்று நோயுற்றவர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். அவ்வாறானவரைச் சட்டம் பிடிக்கும். ஆனால் தன் கையிலுள்ள பொருளின் பின்பக்கத்தைத் தானே வாசிக்காத நேர்மையாளரை எந்தச் சட்டம் கொண்டு பிடிப்பது?

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களிலுள்ள புரதங்களின் தொகுதி. ரொட்டிக்காரர் மாவை வீசி விசிறித் தாள்போல் விரிப்பதற்கு உதவும் அந்த இழுவைத் தன்மை குளூட்டனால் வருவது. சீலியாக் நோயுள்ளவர் அதை உண்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். உணவின் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகும். வயிற்றோட்டம், இரத்தச்சோகை, எலும்பு நலிவு, பிள்ளைகளில் வளர்ச்சிக் குறைவு என்று அது பல வேடங்களில் வெளிப்படும். சிலரில் எந்த வேடமும் இன்றி உள்ளேயே அரிக்கும். மருந்து கிடையாது. ஆயுள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பது ஒன்றே வைத்தியம். ஆகவே மற்றவர்களுக்கு மாத்திரைப் போத்தலின் சுட்டுத்துண்டு எப்படியோ, இவர்களுக்குச் சாப்பாட்டுப் பக்கற்றின் சுட்டுத்துண்டு அப்படி. ('லேபல்' என்பதற்கு இலங்கை அரசாங்கத் தமிழ் தந்த சொல் இது. தமிழகத்து வாசகர்கள் பொறுத்தருள்க.)

இந்நோய்க்குக் காரணம் தானியமே என்பது தெரியவந்த கதை துயரமானது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45 இல், ஜேர்மனியரின் பிடியிலிருந்த ஒல்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடியது. பாண் இல்லை, சனங்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைக்கூடத் தின்றார்கள். அந்தப் பஞ்சத்தில் மற்றப் பிள்ளைகளெல்லாம் மெலிய, சீலியாக் நோயுற்ற பிள்ளைகள் மாத்திரம் தேறினார்கள். வானிலிருந்து நேச நாடுகள் பாணைப் போட்டதும் அவர்கள் மீண்டும் நோயில் விழுந்தார்கள். வில்லெம் காரல் டிக்க என்ற சிறுவர் நோய் நிபுணருக்கு முப்பதுகளிலிருந்தே கோதுமைமீது ஐயம் இருந்தது. பஞ்சம் அதை உறுதிப்படுத்தியது. 1950 இல் உட்றெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் சமர்ப்பித்த ஆய்வேடு இந்த வைத்தியத்தின் அடிக்கல்லாயிற்று. ஊரே பசித்திருந்தபோது பாண் கிடைக்காத காரணத்தால் உயிர் தப்பிய பிள்ளைகள் என்பதை நினைக்கும்போது, முற்றுகைக் காலத்து யாழ்ப்பாணத்தில் பாணுக்கு வரிசையில் நின்ற எனக்கு ஏதோ செய்கிறது.

"இது வெள்ளைக்காரர் வருத்தம், எங்கடை ஆக்களுக்கு வராது" என்று சொல்லுவோர் எம்மவரிடையே இன்னும் இருக்கிறார்கள். 2016 இல் வெளியான இந்திய ஆய்வொன்று இருபத்து மூவாயிரத்துக்கும் அதிகமான வளர்ந்தோரைப் பரிசோதித்தது. வட இந்தியாவில் 100 பேருக்கு 1.23 பேர் வீதம் இந்நோய் காணப்பட்டது. தென்னிந்தியாவில் 0.10, அதாவது ஆயிரத்துக்கு ஒருவர். ஆனால் நோய்க்கு இடந்தரும் மரபணுக்கள் தெற்கில் அவ்வளவு குறைவாக இருக்கவில்லை. இரு பகுதிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரிடம் அவை இருந்தன. பெரிதும் வேறுபட்டது கோதுமை உண்ணும் அளவு. வடக்கில் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம். தெற்கில் 25 கிராம்.

இந்த இரண்டு எண்களையும் புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோர் ஒருமுறை நிதானமாகப் பார்க்கவேண்டும். எம்முடைய பிள்ளைகள் காலையில் பாணும் பகலில் பாஸ்தாவும் மாலையில் பீற்சாவும் உண்டு வளர்கிறார்கள். மரபணு தெற்கினுடையது, சாப்பாடு வடக்கினுடையது. ஊரில் இருந்தவர்களும் அப்படியொன்றும் கோதுமையை அறியாதவர்களல்லர். சோற்றுக்கு அடுத்தபடியாகப் பாணை ஏற்றுக்கொண்ட நாடு இலங்கை. இடியப்பமும் பிட்டும் அரிசி மாவில்தான் செய்யப்படும் என்று வெளியார் எழுதிவைத்த சமையற் புத்தகங்களை நம்பி, குளிரூட்டிய இடியப்பப் பக்கற்றை வாங்கும் நோயாளி கெட்டார். அவித்த கோதுமை மாவில் இடியப்பம் பிழிவது எமது வீடுகளில் சர்வசாதாரணம். குரக்கன் பிட்டில் பாதி கோதுமை மா என்பதும் எந்தக் குசினியிலும் இரகசியமல்ல. அது பக்கற்றுக்குள் போகும்போது 'குரக்கன்' என்ற சொல் முகப்பில் நிற்கிறது, கோதுமை பின்பக்கத்துக்குப் போய்விடுகிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? சர்வதேச உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 2008 இல் தன் பழைய நியமத்தைத் திருத்தி, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேற்படாமல் குளூட்டன் இருந்தால் அதனைக் 'குளூட்டன் அற்றது' என்று அழைக்கலாம் என்றது. ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவும் அந்த 20 ஐயே கொண்டுள்ளன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013 இல் அதே எல்லையை விதித்தது. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதைவிடக் கடுமையானவை: அங்கே பரிசோதனையில் குளூட்டன் கண்டறியப்படவே கூடாது, ஓட்ஸும் மோல்ட்டும் சேர்ந்திருக்கவும் கூடாது. எனவே லண்டனில் 'அற்றது' என்று விற்கப்படும் ஓட்ஸ் பிஸ்கற்றை அதே பெயரோடு மெல்பேணில் விற்கமுடியாது. ஒரே சொல்தான், ஆனால் கடல் தாண்டும்போது பொருள் மாறிவிடுகிறது.

அந்த 20 என்ற எல்லை மோசமானதல்ல என்றே நான் அறிந்தவரையில் கருதுகிறேன். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதங்கள் உண்ட நோயாளிகளின் குடல் பாதிப்புற்றதை 2007 இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்று காட்டியது. ஒரு துண்டுப் பாணிலேயே இரண்டு கிராமளவு குளூட்டன் இருக்கும் என்பதை நினைத்தால் 50 மில்லிகிராம் எவ்வளவு சிறியது என்பது புரியும்: துண்டின் நாற்பதில் ஒரு பங்கு, மேசையில் உதிரும் துகள்.

முறுக்குக்காரருக்காக நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கலைப்பட்டதாரியின் கணக்கு, விஞ்ஞானிகள் மன்னிக்கட்டும். ஒரு கிலோ மாவுக்கு நான்கு கிராம் பெருங்காயத் தூள் போடுகிறார் என்று வைப்போம். அதில் பாதி கோதுமை மா என்றால் இரண்டு கிராம். கோதுமை மாவில் பத்திலொரு பங்களவு புரதம், அதில் பெரும்பகுதி குளூட்டன். ஆக ஒரு கிலோவில் ஏறத்தாழ 150 மில்லிகிராம். சட்ட எல்லையைப்போல் ஏழு மடங்குக்கும் அதிகம். நூறு கிராம் பக்கற் ஒன்றில் 15 மில்லிகிராம். அந்த முறுக்கு மட்டும் என்றால் பிள்ளையின் குடல் ஒருவேளை தாங்கியிருக்கும். அதே தூள் மத்தியானச் சாம்பாரிலும் இரவு ரசத்திலும் இருந்தபடியால்தான் தாங்கவில்லை. கொஞ்சம்தானே என்று ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் சொல்வார்கள். அவற்றைக் கூட்டிப் பார்ப்பது நோயாளியின் குடல் மாத்திரமே.

கோதுமையாவது தன் பெயரோடு வரும். பார்லி அப்படியல்ல. மோல்ட் என்பது முளைகட்டிய பார்லி என்பதைத் தெரிந்துகொள்ளாமலே, நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஹோர்லிக்ஸ் போத்தலோடு போய்ப் பழகியவர்கள் நாம். அந்த ஹோர்லிக்ஸில் கோதுமையும் உண்டு, பார்லி மோல்ட்டும் உண்டு. சோளத்தால் செய்த கோர்ன் ஃப்ளேக்ஸில் கோதுமை ஏது என்று நம்பி வாங்குவோர், அவற்றிற் பலவற்றில் சுவைக்காக மோல்ட் சேர்க்கப்படுவதைக் கவனிப்பதில்லை. சோயா சோஸ் என்ற பெயரைக் கேட்பவர்கள் அது சோயாவும் கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைத்தது என்று எண்ணுவதில்லை. ஸ்பெல்ட், கமூட் என்ற புதுப்பெயர்களில் பழங்காலத் தானியம் என்று விற்கப்படுபவையும் கோதுமையின் உறவினரே; சேமோலினா என்பது நம் ரவை. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டவரும் 'இயற்கைச் சுவையூட்டி', 'ஈஸ்ட் சாறு', 'புகைச் சுவை' என்ற சொற்களுக்கு முன்னால் கைகட்டி நிற்கவேண்டியதுதான். அவற்றுள் பார்லி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இங்குதான் அமெரிக்கச் சட்டத்தின்மீது எனக்குப் பெரிய குறை. அங்கு 2004 இல் நிறைவேற்றப்பட்டு 2006 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த ஒவ்வாமைச் சட்டம் எட்டு உணவுப் பொருள்களைப் பெயர் சொல்லி அறிவிக்கவேண்டும் என்றது. கோதுமை அதிலொன்று. பார்லியும் றையும் இல்லை. 2023 ஜனவரியிலிருந்து ஒன்பதாவதாக எள்ளையும் சேர்த்தார்கள். எள்ளைச் சேர்த்தது சரியே. எள்ளினால் உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பட்டியலைத் திறந்தவர்கள் பார்லியை ஏன் வெளியிலேயே விட்டு மூடினார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. ஐரோப்பாவில் பார்லியும் றையும் ஓட்ஸும் அறிவிக்கப்படவேண்டிய தானியங்கள். பட்டியலில் அவற்றைத் தடித்த எழுத்திலோ வேறு வகையிலோ எடுத்துக்காட்டவும் வேண்டும். கனடாவில் 2012 ஆகஸ்டிலிருந்து எல்லாக் குளூட்டன் தானியங்களையும் சொல்லியாகவேண்டும். கூட்டுப் பொருளொன்றின் வயிற்றுக்குள் ஒளிந்திருந்தாலும் சொல்லியாகவேண்டும்.

ஆம், கனடாவிலும்தான். ஸ்காபரோ முறுக்கு விற்கப்பட்டது அந்தச் சட்டத்தின் கீழ்தான் என்பதை நான் மறக்கவில்லை.

இன்னொரு விசித்திரம். ஐரோப்பாவில் குளூட்டன் அற்ற பாண் சிலவற்றின் பின்பக்கத்தைப் படித்தால் 'கோதுமை மாப்பொருள்' என்று இருக்கும். அச்சுப் பிழையன்று. கோதுமையிலிருந்து புரதத்தைக் கழுவி நீக்கி, எஞ்சிய மாப்பொருளில் குளூட்டன் எல்லைக்குள் நிற்குமாறு செய்து பாவிக்கிறார்கள். பாண் மென்மையாக வருமாம். அமெரிக்காவிலும் அனுமதியுண்டு, ஆனால் அந்தக் கோதுமை பதப்படுத்தப்பட்டது என்ற குறிப்பையும் கூடவே அச்சிடவேண்டும். சட்டம் சரி, விஞ்ஞானமும் சரி. ஆனால் பின்பக்கத்தைப் படி, கோதுமை என்று கண்டால் வை என்று பிள்ளைக்குப் படிப்பித்த தாய், அந்தப் பாணின் முன்னால் என்ன சொல்லுவாள்?

பரிசோதனை இருக்கிறதே என்பார்கள். பரிசோதனைக்கும் எல்லையுண்டு. புளிக்கவைத்த உணவிலும் பதப்படுத்திச் சிதைத்த புரதத்திலும் குளூட்டன் துண்டு துண்டாக உடைந்துவிடுவதால் வழக்கமான சோதனை முறைகள் அதைச் சரிவர அளப்பதில்லை. அதனால்தான் அமெரிக்க நிர்வாகம் 2020 இல் தனி விதியொன்றைக் கொண்டுவந்தது. புளிக்கவைத்த பின் கிடைப்பதை அளக்க முயல்வதற்குப் பதிலாக, புளிக்கவைக்குமுன் மூலப்பொருளில் குளூட்டன் இல்லை என்பதற்கான பதிவேட்டை உற்பத்தியாளர் வைத்திருக்கவேண்டும் என்றது. எனக்குப் பிடித்த விதி அது. வெளிவந்த செய்தியைப் பார்த்து உண்மையா என்று கேட்பதைவிட, எழுதியவனிடம் குறிப்பேட்டைக் காட்டு என்று கேட்கும் ஆசிரியரின் முறை.

பெரிய நிறுவனங்களில் இப்படி நடக்காது என்று எண்ணவேண்டாம். 2015 இல் அமெரிக்காவின் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் தனது புகழ்பெற்ற சீரியோஸ் ஓட்ஸ் உணவைக் குளூட்டன் அற்றதாக அறிவித்துச் சில மாதங்களுக்குள்ளாகவே 18 இலட்சம் பெட்டிகளைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. கலிபோர்னியாவின் லோடை நகரிலிருந்த தொழிற்சாலைக்குப் புகையிரதப் பெட்டிகளில் வந்துகொண்டிருந்த ஓட்ஸ் மா, புகையிரத வழி தடைப்பட்டபோது பாரவூர்திகளில் ஏற்றப்பட்டது. அந்த வழியில் கோதுமை மா அதனுள் புகுந்துவிட்டது. பெட்டியின் முன்பக்கத்தில் வாக்குறுதி அப்படியே இருந்தது. பின்பக்கத்திலும் கோதுமை என்ற சொல் இல்லை. இந்த ஒரு வகைக்குப் பின்பக்கத்தைப் படித்தும் பயனில்லை. நிறுவனம் தானாகவே தவற்றை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

நீரிழிவுக்காக ஓட்ஸுக்கு மாறிய எம் பெரியவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி இது. ஓட்ஸ் தன்னளவில் பெரும்பாலான நோயாளிகளுக்கு ஆகும். ஆனால் அது விளையும் வயல், ஏற்றும் வண்டி, அரைக்கும் ஆலை எல்லாம் கோதுமையோடு பங்கு. எங்கள் ஊர் அரைக்கும் ஆலையை நினைத்தால் போதும். முதலில் ஒருவருடைய மிளகாய்த்தூள், அடுத்து இன்னொருவருடைய அரிசி, அதற்கடுத்து மூன்றாமவருடைய கோதுமை. எங்கள் வீட்டு அரிசி மா சிலவேளைகளில் இளஞ்சிவப்பாக வந்ததும் காரணத்தோடுதான்.

இத்தனைக்கும் நடுவில் 'குளூட்டன் அற்றது' என்பது ஒரு நாகரிகமாகிவிட்டது. நோயில்லாதவர்கள் உடல் மெலிவதற்காக அதை உண்கிறார்கள். தண்ணீர்ப் போத்தலில்கூட அந்தச் சொல்லை அச்சிடலாம். அமெரிக்க விதி அதை அனுமதிக்கிறது. இந்த நாகரிகத்தைத் திட்டுவதில் எனக்கு முழு உடன்பாடில்லை. அது இல்லாவிட்டால் கடைகளில் இத்தனை தட்டுகள் நிறைந்திருக்கா. நோயுற்ற பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் கிடைத்திருக்காது. ஆனால் அந்த நாகரிகமே ஒட்டுத்தாளை மலிவாக்கியும் விட்டது. அது ஒரு வைத்தியச் சொல் என்பதை மறந்து, 'சுவை மிக்கது', 'வீட்டுப் பக்குவம்' என்பவற்றின் வரிசையில் ஒட்டுகிறார்கள். முறுக்குக்காரர் ஒட்டியதும் அப்படித்தான். அச்சகத்தில் ஆயிரம் ஒட்டுத்தாள் மலிவாக வந்ததாம்.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். படிக்கவேண்டிய பொறுப்பு முழுவதையும் நோயாளியின் கண்களில் ஏற்றுவது அநியாயம். கூட்டுப் பொருளின் உள்ளடக்கத்தை அடைப்புக்குறிக்குள் விரித்துக் காட்டாத பக்கற்றுக்கு அந்தச் சொல்லைப் பாவிக்கும் உரிமை இருக்கக்கூடாது. மோல்ட் என்று எழுதுபவர் பார்லி என்றும் எழுதவேண்டும். சுவையூட்டி என்று எழுதுபவர் அது எந்தத் தானியத்தைத் தொட்டது என்று சொல்லவேண்டும். அமெரிக்கா பார்லியையும் றையையும் தன் பட்டியலில் சேர்க்கவேண்டும். எம்மவர் நடத்தும் சிறு உற்பத்திக் கூடங்களுக்கு இது கடினம் என்பதை அறிவேன். ஆய்வுகூடப் பரிசோதனைக்குச் செலவாகும். செலவுக்கு முடியாதவர்கள் ஒட்டுத்தாளை ஒட்டாமல் விடலாம்; முறுக்கு முறுக்காகவே விற்கட்டும், வாங்குபவர்கள் வாங்குவார்கள். ஒட்டாமல் விடுவதற்குச் செலவில்லை.

பத்திரிகைத் தொழிலிலும் இதே நோய் உண்டென்பதை ஒப்புக்கொள்கிறேன். முதற்பக்கத்தில் எட்டுப் பத்தித் தலைப்பாகப் போட்ட தவறுக்கு, மறுவாரம் உட்பக்க மூலையில் நான்கு வரித் திருத்தம் போட்டு எங்கள் மனச்சாட்சியை நாங்களும் துடைத்திருக்கிறோம். அந்த நான்கு வரிகளை ஒப்புநோக்கியவர்களில் நானும் ஒருவன்.

முறுக்குக்காரர் பத்து நாட்களின் பின்னர் தாமாகவே அழைத்தார். அரிசி மா சேர்த்த பெருங்காயம் தேடிப் பிடித்துவிட்டதாகவும், விலை சற்றுக் கூட என்றாலும் இனி அதைத்தான் பாவிக்கப்போவதாகவும் சொன்னார். பழைய ஒட்டுத்தாள்கள் இன்னும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன, இனி ஒட்டலாமா என்று கேட்டார். ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள், அதுவரை ஒட்டவேண்டாம் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

சென்ற மாதம் மருமகள் கைத்தொலைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அதே நிறுவனத்தின் முறுக்குப் பக்கற். பிள்ளை கடையில் தானே எடுத்துப் படம் பிடித்தாளாம். முகப்பு அல்ல, பின்பக்கம். கடைசி வரியில் பெருங்காயத்தை அடுத்து அடைப்புக்குறிக்குள் 'அரபுப் பிசின், அரிசி மா' என்று இருந்தது. ஒட்டுத்தாள் இருந்ததா என்று கேட்டு எழுதினேன். இல்லையாம். "வாங்கினாளா?" என்று மறுபடியும் கேட்டேன். ஆய்வுகூட முடிவு வரட்டும் என்று சொல்லித் திரும்ப வைத்துவிட்டாளாம்.